பிள்ளைகள் கேட்பது 1,40,000 ரூபாய்: எப்படிக் கொடுப்பது? யோசனை தேவை

கடைமடை (சிங்கப்பூர்)
ஜூலை 6, இரவு 10.40

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

நாங்கள் இங்கே 23 பேர். எல்லோரும் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கத்து ஆட்கள். பாதிப் பேர் கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை பார்ப்பவர்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது தார்ப்பாயும் அரிசியும் அனுப்புவதற்காகச் சேர்ந்தோம். தென்னந்தோப்பெல்லாம் சாய்ந்து கிடந்த படங்களைப் பார்த்துவிட்டு அன்றைக்குத் தூங்காதவர்கள் நாங்கள். நிவாரணம் முடிந்த பிறகும் குழு கலையவில்லை. இப்போது ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் போடுகிறோம். 25 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் தாங்களே யோசித்து ஊருக்காகச் செய்யும் வேலைக்கு மட்டும் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். இரவுப் பாடசாலைக்கு பெஞ்சு, நூலகத்துக்கு அலமாரி என்று இதுவரை நாலைந்து செய்திருக்கிறோம்.

இப்போது ஒரு கிராமத்தில் 17 முதல் 24 வயது வரை உள்ள ஒன்பது பேர், அதில் மூன்று பெண் பிள்ளைகள், ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலை 1.8 கிலோமீட்டர் தூரத்துக்குத் தூர்வார வேண்டும் என்று கேட்கிறார்கள். ஜேசிபி 90 மணி நேரம், மணிக்கு 1,200 என்று 1,08,000. இரண்டு இடத்தில் குழாய்ப் பாலம் போட 22,000. சாப்பாடு, டீ 10,000. மொத்தம் 1,40,000. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும்.

குழுவில் பாதிப் பேர் உடனே அனுப்பலாம் என்கிறார்கள். மீதிப் பேர் மூன்று கொட்டேஷன் வேண்டும், தினமும் போட்டோ வேண்டும், பாதி வேலை முடிந்த பிறகுதான் பாதிப் பணம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. போன வருடம் வேறொரு ஊரில் 300 மரக்கன்று நட 35,000 கொடுத்தோம். இன்றைக்கு அங்கே உயிரோடு இருப்பது பதினொன்று. விடுமுறையில் போனபோது நானே நடந்து போய் எண்ணினேன்.

இப்படிப் பணம் கொடுத்த அனுபவமும் வாங்கிய அனுபவமும் உள்ளவர்கள் இங்கே இருக்கிறீர்கள். என்ன செய்யலாம்?


கணக்குப்பிள்ளை
ஜூலை 7, காலை 6.15

தம்பி, முதலில் பணம் போகும் வழியைச் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் சொல்வார்கள். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன் நான்.

ஒரு பையனின் சொந்தக் கணக்குக்கு ஜிபேயில் 23 பேரும் அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் அப்படித்தான் செய்தார்கள். முன்பின் தெரியாத பலரிடமிருந்து பணம் வந்ததில் ஒரு தொகை ஏதோ சைபர் புகாரில் சிக்கியது. அந்தப் பையனின் கணக்கே நாற்பது நாள் முடங்கிவிட்டது. கல்லூரிக் கட்டணம் கட்ட வைத்திருந்த பணமும் அதற்குள்தான் இருந்தது. ஊருக்கு நல்லது செய்யப் போன பிள்ளை, பரீட்சை நேரத்தில் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அலைந்தான்.

இந்த வேலையை வருடா வருடம் செய்வதாக இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு செய்துவிடுங்கள். ஏழு பேர் இருந்தால் போதும், ஆனால் 18 வயது ஆனவர்களாக இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து. இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்றால், ஊரில் நம்பிக்கையான பெரியவர் ஒருவரும் பிள்ளைகளில் ஒருவரும் சேர்ந்து கூட்டுக் கணக்கு தொடங்கட்டும்.

இன்னொன்று மிக முக்கியம். உங்கள் 23 பேரில் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர்கள் எத்தனை பேர்? இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குத் தனிப் பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் கணக்கு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் முடியாது. சின்னப் பிள்ளைகளை இதில் மாட்டிவிடக் கூடாது. ஆகவே எல்லாப் பணத்தையும் ஒருவர் கையில் கலந்து அனுப்ப வேண்டாம். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் ஆளாளுக்குத் தங்கள் கணக்கில் இருந்து அனுப்புங்கள்.

சிங்கப்பூரிலும் பொதுமக்களிடம் உண்டியல் குலுக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் அங்கே அனுமதி வாங்க வேண்டும். நண்பர்களுக்குள் போட்டுக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.


கடைமடை
ஜூலை 7, பகல் 1.05

ஐயா, மிக்க நன்றி. குடியுரிமை விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. மூன்று பேர் இருக்கிறார்கள். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். அதில் ஒருவர் சிவில் எஞ்சினியர். குழாய்ப் பாலத்துக்கு அளவு போட்டுத் தருகிறேன், அது என் பங்காக இருக்கட்டும் என்கிறார்.


ஊர்க்கோடி
ஜூலை 7, மாலை 5.30

இதெல்லாம் ஊராட்சி செய்ய வேண்டிய வேலை. பிள்ளைகள் கையில் ஒன்றரை லட்சத்தைக் கொடுப்பதற்குப் பதிலாக 'நமக்கு நாமே' திட்டத்தில் கட்டுங்கள். மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். சில பணிகளுக்கு மக்கள் பங்கு இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். எப்படியானாலும் உங்கள் பணத்துக்குக் கூடுதல் வேலை நடக்கும், கணக்குக்கும் அரசே பொறுப்பு. உணர்ச்சிவசப்பட்டுக் கொடுத்துவிட்டுப் பிறகு பதினொரு மரத்தை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.


பள்ளிக்கூட_மணி
ஜூலை 7, இரவு 9.20

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஊர்க்கோடி சார், அந்தப் பதினொரு மரத்தைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது. கடைமடை தம்பி, அந்த 35,000இல் தண்ணீர் ஊற்ற எவ்வளவு ஒதுக்கினீர்கள்?

இதைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் நட்டார்கள். கன்றுக்கும் குழிக்கும் கொடுக்க ஆள் வந்தது. நட்ட அன்றைக்கு படம் எடுக்கவும் ஆள் வந்தது. சித்திரை வெயிலில் தண்ணீர் லாரிக்கும், ஆடு கடிக்காமல் இருக்க மூங்கில் கூண்டுக்கும் கேட்டபோது ஒருவரும் கொடுக்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருந்து ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். மே மாதம் பள்ளி மூடியது. அவ்வளவுதான். கன்று காய்ந்ததற்கு அந்தப் பிள்ளைகள் பொறுப்பு என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது.

நாங்கள் பன்னிரண்டு ஆசிரியர்கள் மாதம் 200 ரூபாய் போட்டு இதே மாதிரி செய்கிறோம். சின்னத் தொகைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, காலனியில் பூட்டிக் கிடந்த பழைய பால்வாடிக் கட்டடத்தில் மாலைப் படிப்பு மையம் தொடங்க வேண்டும் என்று வந்தாள். கோடு போட்ட தாளில் பாதியைக் கிழித்து எழுதியிருந்தாள். டியூப் லைட் 2, ஒயர், கோரைப்பாய் 6, கரும்பலகைக்குப் பெயிண்ட், துடைப்பம், பூட்டு 180, சாவி இன்னொன்று செய்ய 40. மொத்தம் 6,300. எல்லாமே கடையில் போய் விலை கேட்டு எழுதியது. பூட்டும் இரண்டாவது சாவியும் எனக்குத் தோன்றியிருக்காது. 'எனக்குப் பரீட்சை வந்தா யார் திறப்பாங்க டீச்சர், அதுக்குத்தான்' என்றாள். அன்று மாலையே பணத்தைக் கொடுத்தோம். ரசீது கேட்கவில்லை. அவளாகவே ஒரு பழைய உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்தாள்.

அதனால் அந்த ஒன்பது பேரின் கணக்குத் தாளை ஒரு தடவை படித்துப் பாருங்கள். 90 மணி நேரம் என்று எப்படி வந்தது என்று கேளுங்கள். வாய்க்கால் கரையில் நடந்து பார்த்தவர்களுக்கு அதற்குப் பதில் இருக்கும்.


வரப்பு (புதுக்கோட்டை)
ஜூலை 8, காலை 7.50

ஊர்க்கோடி அண்ணன் சொன்ன 'நமக்கு நாமே' நல்ல திட்டம்தான். நாங்கள் அதில் ஒரு பள்ளிச் சுற்றுச்சுவர் கட்டினோம். விண்ணப்பம், மதிப்பீடு, நிர்வாக அனுமதி, பிறகு டெண்டர். மனு கொடுத்ததில் இருந்து கொத்தனார் வந்து நிற்க எட்டு மாதம் ஆனது. சுவர் காத்திருக்கும், அதனால் பிரச்சினை இல்லை. ஐப்பசி மழை காத்திருக்காது. அவர்கள் கேட்கும் வேலைக்கு இந்த வருடம் அந்த வழி ஒத்துவராது. அடுத்த வருடம் மதகு பழுதுபார்க்க வேண்டும் என்றால் இப்போதே மனு கொடுத்து வையுங்கள்.

அனுமதி மட்டும் கட்டாயம் வாங்க வேண்டும். அந்த ஏரி யாருடையது என்று முதலில் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரி நீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை. அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் எழுதி வாங்கினால் போதும் என்று நினைத்து வேலையைத் தொடங்கி, நடுவில் நீர்வளத்துறை வந்து ஜேசிபியை நிறுத்திய கதை எங்கள் பக்கம் உண்டு. தூர்வாரிய மண்ணை வாய்க்கால் கரையிலேயே போடுங்கள். ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும் கனிம விதிகள் வந்துவிடும். வயலுக்கு வண்டல் அள்ள வேண்டும் என்றால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும், 2024இல் இருந்து தாசில்தாரே கொடுக்கலாம்.

வெளியூரில் இருந்து பணம் கொடுப்பவர்களுக்கு இந்த அலுவலகப் படி ஏறும் வேலை தெரிவதே இல்லை. இருபது வயதுப் பையன் மனுவோடு போனால் 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்பார்கள். கூட ஒரு பெரிய மனிதர் வெள்ளைச் சட்டையில் நின்றால் அதே மனு அன்றைக்கே எடுபடும். இது நியாயம் இல்லைதான், ஆனால் இப்படித்தான் நடக்கிறது. உங்கள் 23 பேருக்கும் ஊரில் அண்ணன், மாமா, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று யாராவது இருப்பார்கள் அல்லவா? அவர்களில் ஒருவரின் இரண்டு நாளை வாங்கிக் கொடுங்கள்.


குறிஞ்சிப்பாட்டை
ஜூலை 8, இரவு 8.10

அமெரிக்காவில் பாஸ்டனில் 2009இல் தொடங்கிய 'ஆசம் ஃபவுண்டேஷன்' என்று ஒன்று இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 டாலர் போடுவார்கள். வந்த விண்ணப்பங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1,000 டாலரை அப்படியே கொடுத்துவிடுவார்கள். திருப்பித் தர வேண்டாம், பங்கு கேட்க மாட்டார்கள். இன்று பல நாடுகளில் கிளைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவெடுக்கிறது. தொகை சின்னதாக இருப்பதால் முடிவு வேகமாக எடுக்கலாம், போனாலும் யாரும் முழுகிவிட மாட்டார்கள்.

நமக்கும் இது ஒன்றும் புதிதில்லை. விருதுநகரில் பிடி அரிசி போட்டும், வியாபாரிகள் மகமை என்று ஒரு பங்கு கொடுத்தும் வளர்த்த சத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். சமைக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைத்த பெண்கள் யாரும் பள்ளிக்கு மூன்று கொட்டேஷன் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளி எதிரே இருந்தது, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாயிரம் மைல் தள்ளி இருப்பவருக்கு அந்தக் கண் இல்லை. கொட்டேஷனும் போட்டோவும் அந்தக் கண்ணுக்குப் பதிலாகக் கேட்கப்படுபவைதான். அதனால் கேட்பவர்கள் மேல் கோபம் வேண்டாம்.


வாய்க்கால்_ஒன்பது
ஜூலை 9, இரவு 11.30

வணக்கம். நான் அந்த ஒன்பது பேரில் ஒருவன். கடைமடை அண்ணன் இந்த இழையை அனுப்பினார். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். எழுதச் சொன்னது எங்கள் குழுவில் இருக்கும் அக்காதான். எம்.எஸ்சி. படிக்கிறார்.

90 மணி நேரம் எப்படி வந்தது என்று டீச்சர் கேட்டது சரியான கேள்வி. போன வருடம் பக்கத்து ஊரில் இதே அகல வாய்க்காலில் 600 மீட்டர் எடுத்தார்கள். ஓட்டுநரிடம் போய்க் கேட்டோம், 28 மணி நேரம் ஓடியதாகச் சொன்னார். எங்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு தூரம். 84 வருகிறது. நடுவில் 200 மீட்டர் சீமைக்கருவேலம் வேரோடு எடுக்க வேண்டும், அதற்கு 6 சேர்த்தோம்.

கணக்கு எப்படி வைப்போம் என்றால், ஜேசிபியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் மணி மீட்டர் இருக்கும். ஓடும் நேரம் மட்டும் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் காட்டும். காலையில் வண்டி கிளம்பும்போது என்ன எண், நிறுத்தும்போது என்ன எண் என்று நோட்டில் எழுதி, ஓட்டுநரும் எங்களில் ஒருவரும் கையெழுத்துப் போடுவோம். டீ குடிக்கப் போனால் வண்டியை அணைக்கச் சொல்வோம். அணைக்காமல் விட்டால் எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் சும்மா ஓடிவிடும். அது 600 ரூபாய். அந்த நோட்டை மட்டும் தினமும் ஒரு படம் எடுத்து அனுப்புகிறோம். எங்களுக்கே அது வேண்டும்.

ஆனால் எங்களை நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். முன்பு சின்ன வேலை ஒன்றுக்கு ஒருவர் 15,000 கொடுத்தார். அவர் வருகிறார் என்று ஒரு நாள் வேலையை நிறுத்தி, அந்தப் பணத்திலேயே 2,200க்கு அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் அடித்து, மண்வெட்டியோடு வரிசையில் நின்றோம். அன்றைக்கு ஊரில் ஒரு பெரியவர் 'காசு வாங்கிட்டுத்தான் இதெல்லாம் பண்றீங்களா?' என்று கேட்டார். அதுவரைக்கும் எங்களோடு மண் அள்ளிய நாலு பேர் அடுத்த நாளில் இருந்து வரவில்லை.

2019இல் பேராவூரணி பெரியகுளம் தூர்வாரியபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். 564 ஏக்கர் குளம். கஜாவில் தோப்பு போன ஊர்க்காரர்களும் இளைஞர்களும் சேர்ந்து இறங்கினார்கள். அப்பாவோடு பைக்கில் போய்க் கரையில் நின்று பார்த்தேன். அன்றைக்கு மனதில் விழுந்ததுதான்.

எங்களுக்கு வேண்டியது இரண்டுதான். வேலை தொடங்கினால் பணம் நிற்கக் கூடாது. ஜேசிபிக்காரருக்கு வாரச் சனிக்கிழமை கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை வண்டி வேறு ஊருக்குப் போய்விடும், திரும்பி வர பத்து நாள் ஆகும். அப்புறம் வரப்பு அண்ணன் சொன்ன மாதிரி ஒன்றிய அலுவலகத்துக்குக் கூட வர ஒருவர் வேண்டும்.


கடைமடை
ஜூலை 10, காலை 12.20

தம்பி, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. ஃபிளெக்ஸ் எதுவும் இருக்காது. இந்த வார்த்தை என்னுடையது.


பனங்கூடல் (யாழ்ப்பாணம்)
ஜூலை 10, மாலை 6.45

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன், உதவக்கூடும். எங்கள் ஊரில் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இருக்கின்றன. கனடாவிலும் லண்டனிலும் உள்ள ஊர்ச் சங்கங்கள் அவற்றுக்குக் காசு அனுப்புகின்றன. அவர்கள் அனுப்பியிராவிட்டால் போருக்குப் பிறகு வாசிகசாலை எழும்பியிருக்காது. அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் ஒரு கட்டத்தில் என்ன நடந்தது என்றால், எதைச் செய்வது என்பதையும் அங்கேயே கூடி முடிவெடுக்கத் தொடங்கினார்கள். இங்குள்ள பெடியள் கேட்டது, ஓ.எல். என்ற பள்ளிப் பொதுப் பரீட்சையில் கணக்கில் தவறியவர்களுக்கு மாலை வகுப்பு. ஆசிரியருக்கு மாதக் கொடுப்பனவு மட்டும் போதும் என்றார்கள். வந்தது மைதானத்துக்கு மதிலும் வளைவும். வளைவில் உபயகாரர் பெயர் பொறித்திருக்கிறது. அந்தப் பெடியள் சோர்ந்து போனார்கள், இரண்டு பேர் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள்.

பிறகு சங்கத்தில் ஒரு பெண் செயலாளராக வந்து முறையை மாற்றினார். வருடத்துக்கு ஒரு தொகை, அதை எதற்குச் செலவழிப்பது என்று நிலையத்தில் உள்ள 30 வயதுக்கு உட்பட்டவர்கள் கூடி முடிவெடுப்பார்கள், வெளிநாட்டில் உள்ளவர்கள் கேள்வி கேட்கலாம், மாற்றச் சொல்ல முடியாது. மாலை வகுப்பு இப்போது மூன்றாவது வருடமாக நடக்கிறது. கூட்டத்தில் சண்டையும் நடக்கிறது, அதுவும் நல்லதுதான்.


ஊர்க்கோடி
ஜூலை 11, காலை 9.00

எல்லோரும் நம்பு நம்பு என்கிறீர்கள். நம்பிக் கொடுத்த பணம் வேறு எதற்காவது போனால் என்ன செய்வீர்கள்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.


செங்காந்தள் (கோவை)
ஜூலை 11, இரவு 10.05

நியாயமான கேள்வி. எங்களுக்கு நடந்தது, அப்படியே சொல்கிறேன்.

எங்கள் குழு கல்லூரிப் பிள்ளைகளின் குப்பை பிரிக்கும் திட்டம் ஒன்றுக்கு 40,000 கொடுத்தது. பணம் வைத்திருந்த பையன் அதில் 8,000த்தை அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்துவிட்டான். இரவு பதினொரு மணிக்கு அம்மாவைச் சேர்க்க வேண்டியிருந்தது, கையில் இருந்தது அந்தப் பணம்தான். மூன்றாவது நாள் அவனே எனக்கு போன் பண்ணிச் சொன்னான். சொல்லும்போது குரல் வரவில்லை.

குழுவில் பெரிய சண்டை. திருட்டு என்றார் ஒருவர். நிறுத்திவிடலாம் என்றார் இன்னொருவர். நான் அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் படுத்திருந்தார், ரசீது எல்லாம் மேசை மேல் இருந்தது. அவன் கூட இருந்த பிள்ளைகளுக்கு விஷயம் ஏற்கனவே தெரியும், அவர்களிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறான். மாதம் 500 வீதம் திருப்பித் தருவதாக அவர்களே பேசி முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் அந்த 8,000த்தை அன்றே போட்டு வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டார். பதினாறு மாதத்தில் கடைசி 500 வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். பணத்தை ஒருவர் கையில் வைப்பதில்லை, எப்போதும் இருவர். கொடுக்கும்போதே ஒரு போன் எண் கொடுத்து, 'பணத்தில் சிக்கல் வந்தால் முதலில் இவரைக் கூப்பிடு, திட்ட மாட்டார்' என்று சொல்கிறோம். அந்த எண் அந்த மூத்தவருடையது.

ஏமாற்றுகிறவன் எங்கேயும் இருப்பான் ஊர்க்கோடி அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் தினமும் போட்டோ கேட்டிருந்தால் அந்தப் பையன் தினமும் போட்டோ அனுப்பியிருப்பான், 8,000 போனது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.


ஊர்க்கோடி
ஜூலை 12, காலை 7.15

படித்தேன். இருவர் கையெழுத்தும் அந்த நோட்டும் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் பட்டுக்கோட்டையில்தான் இருக்கிறேன். வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றிய அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நான் கூடப் போகிறேன். புல வரைபடத்தை எடுத்து வாய்க்காலின் உண்மையான அகலம் என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். இப்போது இருக்கும் அகலத்தை நம்பித் தூர்வாரக் கூடாது.


மொய்_நோட்டு (பேராவூரணி)
ஜூலை 13, இரவு 9.40

எல்லாப் பணத்தையும் வெளியில் இருந்து கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் ஆடி வந்தால் மொய் விருந்து. ஒருவருக்குப் பணம் தேவையென்றால் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுகிறார், ஊர் வந்து சாப்பிட்டு மொய் எழுதுகிறது, பிறகு அவரவர் விருந்துக்கு இவர் திருப்பிச் செய்கிறார். வங்கியும் வட்டியும் இல்லாமல் வீடு கட்டியவர்களும் போர்வெல் போட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். அந்த வாய்க்காலுக்கு ஒரு டீ மொய் வையுங்கள். கறி விருந்து வேண்டாம், செலவு. டீயும் வடையும் போதும். நோட்டில் பெயர் எழுதி வாங்குங்கள். இருபது ரூபாய் எழுதும் கிழவியின் பெயரும் அதில் வர வேண்டும்.

வெறும் பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் ஊர் வாய்க்காலை வெளியூர்ப் பணத்தில் ஒரு தடவை சுத்தம் செய்தார்கள். ஆறு மாதத்தில் கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாக வந்து விழுந்தது, ஒருவரும் கேட்கவில்லை. மறுபடி ஊரே வரி போட்டு எடுத்தபோது, மூட்டையோடு வந்தவனை வண்டியை மறித்துத் திருப்பி அனுப்பியது 50 ரூபாய் கொடுத்திருந்த ஓர் ஆச்சிதான்.


கடைமடை
ஜூலை 15, இரவு 11.10

நேற்று இரவு எங்கள் 23 பேரும் பேசினோம். இந்த இழை முழுவதையும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டோம்.

எங்கள் பங்கு 70,000. குடியுரிமை மாறிய மூன்று பேரும் பணத்தில் இல்லை. மீதி 20 பேர், ஆளுக்கு 3,500, அவரவர் கணக்கில் இருந்து நேரடியாகக் கூட்டுக் கணக்குக்கு. முழுத் தொகையும் வேலை தொடங்குவதற்கு முன்பே போய்விடும். மீதியை ஊரில் திரட்ட முடியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டோம், மொய் யோசனையைப் படித்ததும் குதித்தார்கள். மணி நோட்டுப் படம் மட்டும் போதும். எதை எப்படிச் செய்வது என்பது அவர்கள் முடிவு.

மரக்கன்று நட்ட பிள்ளைகளிடமும் பேசினேன். அவர்கள் எங்களிடம் இரண்டு தடவை தண்ணீருக்குக் கேட்டிருக்கிறார்கள். வாட்ஸாப்பில் தேடிப் பார்த்தேன், இருக்கிறது. நாங்கள் பதிலே போடவில்லை. டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் பூஜ்யம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். வரும் மழையில் 60 கன்று, கூண்டோடும் இரண்டு கோடைக்குத் தண்ணீரோடும் என்று பேசியிருக்கிறோம்.


வாய்க்கால்_ஒன்பது
ஆகஸ்ட் 19, இரவு 8.30

எல்லோருக்கும் வணக்கம். கணக்கு.

வரவு: சிங்கப்பூர் அண்ணன்கள் 70,000. டீ மொய் 43,250. ஆயக்கட்டுக்காரர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுத்தது 20,000. மொத்தம் 1,33,250.

செலவு: ஜேசிபி 81.5 மணி நேரம், 97,800. குழாயும் சிமென்ட்டும் 24,600. சாப்பாடு, டீ, ஓட்டுநர் பேட்டா 7,350. மொத்தம் 1,29,750. கையிருப்பு 3,500, கூட்டுக் கணக்கில் இருக்கிறது.

குழாய் 2,600 கூடிவிட்டது. சிங்கப்பூர் எஞ்சினியர் அண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டு, நீங்கள் போட்ட அளவு சின்னது, கனமழையில் தண்ணீர் பின்னால் ஏறும் என்று பெரிய குழாய் போடச் சொன்னார். சீமைக்கருவேலத்தை ஊர்க்காரர்களே வெட்டிக் கொடுத்ததால் மணி நேரம் குறைந்தது.

மொய் நோட்டில் 212 பெயர். அதில் 20 ரூபாய் எழுதியவர்கள் 31 பேர். வாசிக்கும்போது எல்லாப் பெயரையும் மைக்கில் வாசித்தோம்.

1.8 கிலோமீட்டரில் கடைசி 140 மீட்டர் முடியவில்லை. ஊர்க்கோடி ஐயா வரைபடத்தை எடுத்துப் பார்த்ததில் அங்கே வாய்க்கால் அகலம் ஆறு மீட்டர் என்று இருக்கிறது, தரையில் இரண்டு மீட்டர்தான் இருக்கிறது. மூன்று வீட்டுக் கொல்லைக்குள் போய்விட்டது. ஐயா அந்த மூன்று வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசினார். இரண்டு வீட்டில் சரி என்றார்கள். மூன்றாவது வீட்டில் மகன் துபாயில் இருக்கிறார், அவர் வந்தால்தான் பேச முடியும் என்கிறார்கள்.


ஊர்க்கோடி
ஆகஸ்ட் 20, காலை 6.50

திங்கட்கிழமை 11 மணிக்கு சர்வேயர் அளக்க வருகிறார். பிள்ளைகள் எல்லோரும் கல்லூரிக்குப் போய்விடுவார்கள், நான் இருப்பேன். கடைமடை தம்பி, அந்தத் துபாய்ப் பையன் உங்கள் வயதுதான். உங்கள் குழுவில் யாருக்காவது அவரைத் தெரிந்தால் அதற்குள் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். நோட்டீஸ் அளவுக்குப் போகாமல் முடிந்தால் நல்லது, அம்மா தனியாக இருக்கிறார்.


கடைமடை
ஆகஸ்ட் 20, காலை 7.35

தெரியும் ஐயா. பத்தாம் வகுப்பு வரை என் பெஞ்சுதான். இன்றிரவு கூப்பிடுகிறேன்.